சனிக்கிழமைக் கூட்டம்: ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு

தோழியருக்கு வணக்கம். அமெரிக்க அலுவலகங்களில் வேலை பார்க்கும் நாம் இம்முறை பேசப்போவது 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைப் பற்றி. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் வழக்குத் தொடுத்தனர். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்குச் சேர்க்கவே இல்லை. பிறகு பணிமூப்புப்படி, அதாவது கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நீக்கும் முறையில், ஆட்குறைப்பு என்றால் யார் தலையில் விழும்? நிறப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் சேர்த்து வழக்காட முடியாது என்றது நீதிமன்றம். எவ்வளவு பெரிய அநியாயம்! சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் சட்டத்தின் இந்த ஓட்டையைத்தான் எடுத்துக்காட்டினார்.

உங்கள் பிரிவில் நேர்காணல் குழுவில் யார் அமர்கிறார்கள், பதவி உயர்வு யாருக்குப் போகிறது என்று கவனித்து வாருங்கள். கறுப்பினத் தோழி சொன்ன யோசனையை வேறொருவர் தனதாக்கினால், அங்கேயே அந்தத் தோழியின் பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள் கறுப்பினத் தோழியரையும் கூட்டத்துக்கு அழைத்து வரலாம். அன்று ஆங்கிலத்திலேயே பேசுவோம். இணைப்பு வெள்ளிக்கிழமை இங்கே வரும்.