குடும்ப நாடகத்தில் புரட்சி சிறுத்துவிடுகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்சிக் காலத்தில் சிக்கிக்கொண்ட குடும்பங்களைப் பற்றிய மேடை நாடகங்கள் குறித்துத் தங்கள் கலைப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தெருவில் நடக்கும் வரலாற்றை இவை ஒரு கூடத்துக்குள் அடைத்துச் சிறுமைப்படுத்திவிடுகின்றன என்று கட்டுரையாளர் வருந்தியிருக்கிறார். அவர் குறையாகச் சொல்லும் அதே இடத்தில்தான் இந்த நாடகங்களின் வலிமை இருப்பதாக நான் கருதுகிறேன்.

இருபது நடிகர்களை மேடையில் நிறுத்தி முழக்கமிட வைத்தாலும் அவர்கள் இருபது நடிகர்களாகவே தெரிவார்கள். ஆயிரம் பேரைக் காட்டுவது திரைப்படத்துக்கு எளிது. ஒரு வீட்டுக் கதவு தட்டப்படும்போது, திறக்கப்போகிறவரோடு சேர்ந்து அரங்கத்தையே அஞ்சவைப்பது மேடைக்கு மட்டுமே கைவந்த கலை.

1926 அக்டோபர் 5 அன்று மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட மிகயீல் புல்ககோவின் ‘துர்பின்களின் நாட்கள்’ நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். 1918ஆம் ஆண்டுக் குளிர்காலம். கீவ் நகரத்து வீடு ஒன்று. கடிகாரம் ஒன்பது அடித்து மெல்லிய இசையை எழுப்புகிறது. சற்று நேரத்தில் மின்விளக்கு அணைந்துவிடுகிறது. துர்பின் வீட்டுப் பெண் எலேனாவின் கணவன் தால்பெர்க் வீட்டுக்கு வந்ததும், பின்வாங்கும் ஜெர்மானியரோடு தான் பெர்லினுக்குக் கிளம்பப்போவதாக மனைவியிடம் சொல்கிறான். அவளை உடன் அழைத்துச் செல்லவில்லை. ஜெர்மானியர் ஆதரவில் உக்ரைனை ஆண்ட ‘ஹெட்மன்’ என்னும் தலைவரின் ஆட்சிக் கதை முடிந்துவிட்டது என்பதை அறிய, பார்வையாளருக்கு அந்த ஒரு பயணப்பெட்டியே போதும். அடுத்து அரண்மனைக் காட்சியும் பள்ளிக்கூடக் காட்சியும் வருவது உண்மைதான். பள்ளியில், குடும்பத்தின் மூத்தவனும் படை அதிகாரியுமான அலெக்ஸி, தன்னை நம்பி வந்த இளைஞர்களைத் தோள்பட்டைச் சின்னங்களைக் கிழித்தெறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டுத் தான் உயிரிழக்கிறான். ஆனால் அந்தச் சாவின் முழுப் பாரமும், காயத்தோடு திரும்பிய தம்பி நிகோல்காவிடம் எலேனா அண்ணனைப் பற்றிக் கேட்கும்போதுதான் நம்மேல் இறங்குகிறது.

போல்ஷெவிக்குகள் என்னும் கம்யூனிஸ்ட் புரட்சியாளரை எதிர்த்துப் போரிட்ட வெண்படையினர்மீது இரக்கம் காட்டுகிறது என்று அன்றைய இடதுசாரி விமர்சகர்கள் இந்நாடகத்தைச் சாடினார்கள். 1929இல் அது நிறுத்தப்பட்டு, 1932இல் மீண்டும் மேடையேறியது. இப்படிப்பட்டவர்களே தோல்வியை ஒப்புக்கொள்கிறார்கள் என்றால் போல்ஷெவிக்குகளின் வலிமை எத்தகையது என்பதை நாடகம் காட்டுகிறது என்று வாதிட்டவர், வேறு யாருமல்ல, ஸ்டாலின். ஒரே வீட்டை இவ்வளவு எதிரெதிராக வாசிக்க முடிந்திருக்கிறது என்னும்போது, அந்தக் கூடம் குறுகலானது என்று எப்படிச் சொல்வது?

அதே 1926இல், பிப்ரவரி மாதம், டப்ளின் நகரின் அபி தியேட்டரில் ஷான் ஓ’கேசியின் ‘கலப்பையும் விண்மீன்களும்’ அரங்கேறியது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் வெடித்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் பின்னணியில், பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஏழைக் குடியிருப்பில் நடக்கும் கதை இது. கணவனுக்குக் கிளர்ச்சிப் படையில் தளபதிப் பொறுப்பு அளிக்கும் கடிதத்தை நோரா எரித்துவிட்டிருக்கிறாள்; அது தெரியவந்ததும் இல்லறம் குலைகிறது. புரட்சியின் பேச்சாளரோ மதுக்கடை சன்னலுக்கு வெளியே ஒரு நிழலுருவமாக மட்டுமே வந்துபோகிறார். நகரம் பற்றியெரியும்போது, அதுவரை சண்டையிட்டுக்கொண்டிருந்த இரு பெண்கள் கடைகளைச் சூறையாட ஒரு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒன்றாகக் கிளம்புகிறார்கள்! எழுச்சியில் உயிர்நீத்தவர்களைப் போற்றிவந்த மக்களுக்கு இது பொறுக்கவில்லை. நான்காம் நாள் அரங்கத்திலேயே கலகம் மூண்டது. வரலாறு சிறுத்துவிட்டது என்று அன்று அவர்களும்தான் சொன்னார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பத்து ஆண்டுகள் துக்கம் ஆற அதிகக் காலமல்ல.

கட்டுரையாளரோடு ஒரு விஷயத்தில் உடன்படுகிறேன். இழப்பதற்குப் பியானோவும் திரைச்சீலையும் வைத்திருக்கும் குடும்பங்களையே இவ்வகை நாடகங்கள் பெரும்பாலும் தேடிச் செல்கின்றன; அந்த வீட்டில் தேநீர் கொண்டுவந்து வைக்கும் பெண்ணுக்குப் புரட்சி என்னவாக இருந்தது என்று கேட்பதில்லை. இது எழுதுபவர் எந்தக் குடும்பத்தைத் தேர்கிறார் என்பதைப் பொறுத்த குறை. வடிவத்தின்மேல் அதைச் சுமத்த வேண்டியதில்லை.

அடுத்து இப்படியொரு நாடகத்துக்கு விமர்சனம் எழுதும்போது, மேடையில் எத்தனை பேர் கொடியேந்தி வந்தார்கள் என்பதோடு, வெளியே சத்தம் கேட்டபோது வீட்டில் யார் எழுந்தார்கள், யார் எழாமல் இருந்தார்கள் என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாடக ரசிகர் ஒருவர்