சின்னக் காயமும் செப்சிஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருமி உடலுக்குள் எப்படி நுழைகிறது என்று அடிக்கடி படிக்கிறோம். நுழைந்த பிறகு எங்கெல்லாம் போகிறது என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோலில் ஒரு சின்னக் கீறல் போதும். தோலின் மேல் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா உள்ளே போய்விடும். வெள்ளை அணுக்கள் அங்கே திரளும். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் எல்லாம் அதன் அடையாளம். பெரும்பாலும் தொற்று அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் நிணநீர் நாளங்கள் வழியே பரவும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது, அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் கிருமியை வடிகட்டிப் பிடிப்பதால். அதையும் தாண்டி ரத்தத்தில் கலந்தால் எலும்பு, இதய வால்வு, மூளை வரை போகலாம். செப்சிஸ் இன்னும் கொடியது: தொற்றை எதிர்க்கும் உடலின் எதிர்வினையே கட்டுமீறி உறுப்புகளைக் கெடுத்துவிடும். புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ, குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, மனக்குழப்பம் வந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

சரி, அதற்காக எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் விழுங்கலாமா? கூடவே கூடாது. பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. சளி, ஃப்ளூ வைரஸ்களுக்குச் செல்சுவரே கிடையாது. மருந்தைக் குறைந்த அளவில் எடுத்தால் கிருமிகள் அதை எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டறிந்த ஃப்ளெமிங்கே 1945ஆம் ஆண்டு நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் செப்சிஸின் அறிகுறிகளைத் தனிக் கட்டமாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்