இன்று பத்தொன்பதா என்று கேட்டவர்களுக்கு

பத்தமடை

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குத் தலசீமியா, பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத நோய். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து ஊரார் ரத்தத்தில்தான் வாழ்கிறேன். 21 நாளுக்கு ஒருமுறை பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் இரண்டு பை ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவேன். கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் கூட்டிப் பார்த்தேன்: வருடத்துக்கு 34 பை, 34 பேர். பையில் ஒட்டிய சீட்டில் எண் இருக்கும், பிரிவு இருக்கும், தேதி இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. அதனால் முதல் நன்றியைப் பெயர் போடாமலே எழுத வேண்டியிருக்கிறது. பி பாசிட்டிவ்காரர்களே, நன்றி.

குறிப்பாக மே மாதத்தில் கொடுத்தவர்களுக்கு. கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும், முகாம்கள் குறைந்துவிடும். போன வருடம் ஒரு மத்தியான வெயிலில் ரத்த வங்கி வாசலில் மேலப்பாளையத்து ஆட்டோ ஓட்டுநர்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. ஆளுக்கு 350 மில்லி கொடுத்தார்கள், பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள், சவாரி இருக்கிறது என்று போய்விட்டார்கள்.

ரத்தம் ஏற்றிய மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடுவரை வேகமாக நடப்பேன். 17, 18ஆம் நாளில் அதே தெரு நீண்டுவிடும். உடம்பு சோர்ந்தால் முகத்தில் தெரியும், யாராவது நாற்காலி போடுவார்கள். மனம் சோர்ந்தால்? காரணமில்லாமல் கண் நிறையும், சின்னச் சொல்லும் சுருக்கென்று தைக்கும். ஹீமோகுளோபின் 9க்குக் கீழே இறங்குகிற கூத்து அது என்று எனக்கே வெகுநாள் தெரியாது. நான் பிறவிச் சிடுமூஞ்சி என்றே நம்பியிருந்தேன்.

டவுண் ஜவுளிக்கடை முதலாளி அண்ணாச்சிதான் அதைக் கண்டுபிடித்தார். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், பில்லில் இரண்டு ரூபாய் கூடியிருக்கிறது என்று சொன்ன ஓர் அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி திட்டவில்லை. கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய மாதக் காலண்டரை ஒரு தாள் தூக்கிப் பார்த்தார். "இன்று பத்தொன்பதா?" என்றார். நான் லீவு எடுத்த நாளெல்லாம் அதில் பென்சில் வட்டமாக இருந்தது. அன்றிலிருந்து, ரத்தம் ஏற்றி 16 நாள் தாண்டினால் எனக்குக் கல்லாவில் வேலை கிடையாது, உள்ளே உட்கார்ந்து சரக்குக் கணக்குதான். சம்பளத்தில் கை வைத்ததில்லை. அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் என் தம்ளரைத் தனியாக வைத்தார்கள், ஒட்டிக்கொள்ளுமாம். இது தாய் தகப்பன் வழியாக வருவது. தம்ளர் வழியாக யாருக்கும் வந்ததில்லை.

எதிர்வீட்டு ஆச்சிக்குத் தனியாக ஒரு பத்தி. ரத்தம் ஊறட்டும் என்று முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாகக் கொண்டுவந்தவர். என் சங்கடமோ நேர் எதிரானது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராம்; ஒரு பை ரத்தத்தோடு வருவது சுமார் 200. அதை வெளியே தள்ள உடம்புக்குத் தெரியாது. கல்லீரலிலும் இதயத்திலும் போய்த் தங்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு சேர்வது குறையும் என்று டாக்டர் சொன்னதை ஆச்சியிடம் சொல்லிவைத்தேன். மறுநாள் மத்தியானம் தூக்குச்சட்டியில் டீ வந்தது. இன்றுவரை, நான் வீட்டிலிருக்கும் நாளெல்லாம் வருகிறது. சோற்றுக்கு டீயா என்று கேட்கிறவர்களை ஆச்சியே பார்த்துக்கொள்கிறார்.

அந்த இரும்பை இறக்கத்தான் தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. தண்ணீரில் கரைத்தால் சுண்ணாம்புக் கலங்கலாக இருக்கும். அடியில் தங்கியதையும் அலசிக் குடிக்க வேண்டும். 2022இல் எட்டு மாதம் அதைச் சாக்கடையில் ஊற்றினேன். பக்கத்துக் கட்டிலில் என்னோடு வளர்ந்த பையன் இறந்துபோன வருடம் அது. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, அலுப்பு. உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 4,000ஐத் தாண்டியது. திட்டினால் என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். வார்டு சிஸ்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூங்குகிறாயா?" என்று மட்டும் கேட்டார். என் தூக்கம் அதுவரை யார் கணக்கிலும் இல்லை, என் கணக்கிலும். நான் அழுது முடிக்கும்வரை டிரிப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனநலப் பிரிவுக்கு அவரே கூட்டிப்போனார். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆறு மாதம் போய்வந்தேன். இதையெல்லாம் எழுதவேண்டுமா என்று உம்மா கேட்டாள். எழுதத்தான் வேண்டும்.

உம்மாவும் வாப்பாவும் நெருங்கிய சொந்தம். தங்களுக்கு நோயில்லாமல் தலசீமியாவைச் சுமக்கிறவர்கள். இருவருமே அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தம்பி தப்பித்தான். கோரை கிழிக்க உட்காரும்போதெல்லாம் உம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள். இந்த வருடம் சித்தி மகள் நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளையையும் அழைத்துப்போய் இதைச் சுமக்கிறார்களா என்று காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை செய்துகொண்டாள். அதை ஒளிக்கவும் இல்லை. முகம் சுளிக்காமல் கை நீட்டிய அந்த மாப்பிள்ளைக்கும் நன்றி. சேதி கேட்ட அன்று உம்மா பாதியில் கிடந்த பாயை முடித்தாள்.

அண்ணாச்சி, வருகிற வியாழக்கிழமை எனக்கு லீவு வேண்டும். வட்டம் ஏற்கெனவே போட்டிருப்பீர்கள்.

இப்படிக்கு,
பாய் நெய்கிற வீட்டு மூத்த மகள்