ஒரே மலை, இரண்டு ஊர்கள்

திண்டுக்கல்,
மார்ச் 14

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளைக்கும் உனக்கும் குழந்தைகளுக்கும் பழனியாண்டவர் என்றும் துணையிருப்பாராக.

ஆகஸ்டு மாதம் நீங்கள் ஊருக்கு வரும்போது குடும்பத்தோடு மலைப்பக்கம் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று நீ வகுத்து அனுப்பிய திட்டத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊட்டி, குன்னூர், வயநாடு, மூணாறு, கொடைக்கானல் என ஐந்து இடங்களையும் அதில் அடக்கியிருக்கிறாய். டொரண்டோவில் வளரும் பிள்ளைகளுக்கு நம் மலைகள் அனைத்தையும் ஒருமுறை கண்ணில் காட்டிவிட வேண்டும் என்ற உன் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும், நீ குறித்த ஊர்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது, பகற்பொழுதின் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவுகளிலேயே கழிந்துவிடும் என்பதும், இரவில் களைத்துப்போய்ப் படுத்து மறுநாள் விடிந்ததும் பெட்டி கட்டுவதே நம் வேலையாகிவிடும் என்பதும் தெளிவாயின. அம்மாவின் முழங்கால் வலியும், மலைப்பாதையில் சம்பந்தியம்மாவுக்கு வரும் தலைசுற்றலும் நீ அறிந்தவைதாம். எனவே ஒரே மலை, அதில் இரண்டே கிராமங்கள் என்று திட்டத்தைச் சுருக்கிக்கொள்வோம் என்பது என் விருப்பம். அந்த மலை, வானம் தெளிந்த நாளில் நம் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற பழனி மலையாகவே இருக்கட்டும்.

மூணாறையும் கொடைக்கானலையும் அடுத்தடுத்த நாட்களில் வைத்திருக்கிறாய். வரைபடத்தில் அவை அருகருகே தெரிவதால் அப்படி வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக, மூணாறு பக்கத்தில் உள்ள டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பழைய சாலை ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் காட்டுக்குள் செல்லும் அந்தச் சாலை பல ஆண்டுகளாகப் போக்குவரத்துக்கு மூடப்பட்டிருக்கிறது. இன்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், போடிமெட்டு வழியாகவோ, மறையூர், உடுமலைப்பேட்டை வழியாகவோ சமவெளிக்கு முழுவதும் இறங்கி, வெயிலில் நெடுந்தூரம் சுற்றி, மீண்டும் மலையேற வேண்டும். அதற்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும்.

தூரத்தைக் காட்டிலும் என்னைக் கவலைகொள்ளச் செய்வது மழை. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளச் சரிவில் கொட்டித் தீர்க்கும் காலத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள். மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்மேல் மலை சரிந்தது 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு. மாண்டவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப்போன குடும்பத்தார். வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் புதைந்தது 2024 ஜூலை 30 அன்று விடியும் முன்னே. ஆண்டுதோறும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளையும் முதியவர்களையும் அந்தப் பருவத்தில் அந்தச் சரிவுகளுக்கு அழைத்துப்போக என் மனம் ஒப்பவில்லை. பழனி மலையோ தொடரிலிருந்து பிரிந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடப்பதால், அதற்குப் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். ஆடியிலும் ஆவணியிலும் சாரலும் மூடுபனியும் இருக்கும், சில மாலைகளில் நல்ல மழையும் பெய்யும். சித்திரை, வைகாசியில் இருக்கும் கூட்டம் அப்போது இராது என்பதையும் சேர்த்துக்கொள்.

முதலில் தாண்டிக்குடியில் நான்கு இரவுகள் தங்குவோம். செம்பட்டி, சித்தரேவு வழியாக இங்கிருந்து காலை உணவுக்குப் பின் புறப்பட்டால், மதியச் சாப்பாட்டுக்கு மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். 4,000 அடிக்குச் சற்று மேலே இருக்கும் ஊர் ஆதலால் குளிர் கடுமையாக இராது. விமானத்தில் வந்த களைப்பு தீராத குழந்தைகளுக்கு அது நல்லது. கீழ்ப்பழனி மலை எனப்படும் அந்தப் பகுதியில் காப்பித் தோட்டங்களே பெரும்பாலும் இருக்கின்றன. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் பலாவையும் முள்முருங்கையையும் சில்வர் ஓக் மரங்களையும் விட்டுவைத்து, அவற்றின்மேல் மிளகுக் கொடியை ஏற்றி, இடையில் மலைவாழையையும் ஆரஞ்சையும் ஏலத்தையும் வைத்திருப்பார்கள். ஒரே நிலத்தில் இத்தனை பயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பேரன் பார்க்க வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன். பங்குனி, சித்திரையில் பெய்யும் மழைக்குப் பூக்கும் காப்பி, கார்த்திகை வாக்கில்தான் பழுத்துப் பறிப்புக்கு வரும். ஆகவே ஆகஸ்டில் காய்கள் பச்சையாகவே இருக்கும் என்பதை அவனிடம் இப்போதே சொல்லி வை, சிவந்த பழத்தை எதிர்பார்த்து வந்து ஏமாறக் கூடாது. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அந்த ஊரிலேயே இருக்கிறது.

மலைவாழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் அது. விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது, பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் தாக்கி இந்த மலைகளில் பெரும்பரப்பில் அழிந்துபோன பயிர், இன்னும் முழுதாக மீளவில்லை. தோல் கறுத்துச் சுருங்கிய பிறகுதான் அதன் உண்மையான இனிப்பு வரும். கறுத்துவிட்டதென்று பேத்தி ஒதுக்காமல் இருக்க, முதல் பழத்தை நானே உரித்துக் கொடுக்கிறேன்.

அந்த நான்கு நாட்களுக்கு நான் எந்த நிகழ்ச்சியும் வைக்கவில்லை. காலையில் தோட்டத்துப் பாதையில் நடப்பதும், சாரல் வந்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பதும், மாலையில் பாலமுருகன் கோயிலுக்குப் போவதும் போதும். பார்க்க வேண்டியது என்று நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: அந்த வட்டாரத்தில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த ஈம நினைவிடங்கள் அவை. இந்த மலையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை, வெள்ளைக்காரர்கள்தாம் கொடைக்கானலைக் கண்டுபிடித்தார்கள் என்று படித்து வளரும் பிள்ளைகள் நேரில் தொட்டு அறிய வேண்டும். அங்கே போவதற்கு ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். யானையும் காட்டு மாடும் நடமாடும் இடம் என்பதால், தனியாக அலைவதோ பொழுது சாய்ந்த பின் வெளியே இருப்பதோ வேண்டாம்.

பிறகு பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை வழியாக மேலே ஏறிக் கொடைக்கானலைக் கடந்து பூம்பாறைக்குப் போவோம். அங்கே மூன்று இரவுகள். 6,000 அடிக்கு மேலே இருக்கும் ஊர் அது, குளிர் உண்மையாகவே உறைக்கும். சாலையிலிருந்து பார்த்தால், நடுவே நெருக்கமாக வீடுகளும் சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்களும் தெரியும். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்சும் விளைகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் பெயர்போன ஊர்களில் பூம்பாறை முதன்மையானது. அறுவடை செய்த பூண்டைத் தாளோடு கட்டி வீட்டுக்குள் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி காக்கும் வழக்கம் அங்கே உண்டு. அம்மா இப்போதே தன் பங்கைக் கேட்டுவிட்டாள்.

ஊரின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. பழனியில் இருப்பது போலவே இங்குள்ள திருமேனியையும் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது ஊரார் நம்பிக்கை. அருணகிரிநாதர் பாடிய தலம். பேரனுக்கு முதல் முடி இறக்கியது பழனியில் என்பதால், அந்த மலையின் மறுபக்கத்தில் இருக்கும் இந்த முருகனையும் அவன் கும்பிட வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல். இதை மட்டும் தயவுசெய்து மறுக்காதே.

பூம்பாறையிலிருந்து ஒருநாள் மன்னவனூர் போய்வரலாம். புல்வெளிகளுக்கு நடுவே ஏரியும், அதில் பரிசல் சவாரியும் உண்டு. மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் அங்கே இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகளையும் முயல்களையும் பேத்தி பார்த்தால் திரும்பி வர மாட்டாள். கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று மலைக் கிராமங்கள் அதற்கு அப்பாலும் உண்டு. எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருந்தால் மாப்பிள்ளையும் நானும் பேரனும் மட்டும் கவுஞ்சிவரை போய்வருகிறோம். பெண்களையும் சின்னவளையும் அதற்காக அலைக்க வேண்டாம்.

கொடைக்கானல் நகரத்துக்கு ஒரு பகல் போதும். ஏரியைச் சுற்றி வருவதெல்லாம் உங்கள் விருப்பம். சூரிய ஆய்வகத்தை மட்டும் விட்டுவிடாதே. 1899-இல் தொடங்கப்பட்ட அந்த ஆய்வகத்தில்தான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தார். வானத்தைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்கும் பேரனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே குறிஞ்சி ஆண்டவர் கோயிலும் உண்டு, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்ட வெளிநாட்டுப் பெண்மணி 1936-இல் கட்டியது. குறிஞ்சிப் பூவைக் கேட்பார்கள். 2018-இல் பூத்ததால் அடுத்த பூப்பு 2030-இல் என்று சொல்.

இனி நீ செய்ய வேண்டியவை. கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்கள் 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் பெற வேண்டும். கட்டணம் கிடையாது, இணையத்திலேயே கிடைக்கும். அதை வண்டி எண்ணோடு நான் பதிவு செய்துகொள்கிறேன். குழந்தைகள் இருவரும் கனடா கடவுச்சீட்டு வைத்திருப்பதால், தங்க இடம் தருபவர், வெளிநாட்டவர் தங்குவதைப் பற்றி அரசுக்குத் தகவல் தர வேண்டும். சிறிய வீடுகளில் சிலர் இதை அறியாமல் கடைசி நேரத்தில் தயங்குவார்கள் என்பதால், முன்பதிவின்போதே கேட்டு உறுதிசெய்வேன். கடவுச்சீட்டு, விசா நகல்களை எனக்கு அனுப்பி வை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு மலையில் தடை உண்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் குடுவை எடுத்து வாருங்கள்.

குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டையும், மூடிய காலணியும், நீண்ட காலுறையும் வேண்டும். சாரல் காலத்தில் காப்பித் தோட்டத்தில் அட்டை ஏறும். கடித்தால் ஆபத்தில்லை, ஆனாலும் சின்னவள் பயப்படாமலிருக்க முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வை. மன்னவனூர்ப் பக்கம் கைப்பேசிக்கு இணைப்பு சரியாகக் கிடைக்காது என்பதால், அந்த நாட்களில் அலுவலக வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். வண்டியை அவர் ஓட்ட விரும்புவார் என்று தெரியும். மலையில் ஓட்டிப் பழகிய ஓட்டுநரையே நான் அமர்த்துகிறேன். இறங்கும்போது கீழ் கியரிலேயே வர வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது கீழ்நாட்டில் ஓட்டுபவர்களுக்குக் கைவருவதில்லை. இருட்டிய பிறகு மலையில் வண்டி ஓடக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். சம்பந்தியம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்து, காலையில் இட்லி மட்டும் கொடுத்து, ஊத்திலும் பெருமாள்மலையிலும் நிறுத்தி நிறுத்திப் போவோம். இறங்கும் நாளில் டம்டம் பாறை என்னும் காட்சிமுனையில் நின்று, 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவியை எல்லோரும் பார்க்கலாம்.

அடுத்த மாதம் நானே பேருந்தில் போய் இரண்டு ஊர்களிலும் அறைகளைப் பார்த்து, கழிப்பறையும் வெந்நீரும் படிக்கட்டும் அம்மாவுக்கு ஏற்றவையா என்று உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுப்பேன். அதற்கு முன் விமானச் சீட்டின் தேதியையும், நீ என் யோசனைக்கு இசைகிறாயா என்பதையும் எழுது. வயநாடும் ஊட்டியும் உனக்கு மனத்தில் நின்றால் தயங்காமல் சொல்; மழை விட்ட மார்கழியிலோ தையிலோ நீ வரும் ஓர் ஆண்டில் அதற்கென்று தனியாகப் போவோம்.

அன்புடன்,
அப்பா