போனில் பேசச் சொல்கிறீர்கள், அம்மாவுக்குக் காது கேட்காது

சிறைத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

என் தம்பியின் கோப்பு இரண்டு முறை உங்கள் மேசைக்கு வந்து போயிருக்கிறது. அதனால் பிளாக்கில் நடந்த தகராறு, காவலரிடம் அவன் பேசிய பேச்சு, அதற்குக் கிடைத்த 'மூன்று மாதம் மனு கட்' (அதாவது, மூன்று மாதம் குடும்பச் சந்திப்பு கிடையாது) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அவன் வாய்த்துடுக்கு எங்களுக்கும் தெரியும். அதற்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. அவன் செய்த குற்றத்துக்கும்தான். அவன் அடித்த அடியில் ஒருவர் இன்றுவரை இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இருக்கிறார். நீதிமன்றம் ஏழு வருடம் கொடுத்தது. அப்பீல் போகலாம் என்று வக்கீல் சொன்னபோது வேண்டாம் என்றதே அம்மாதான்.

நான் எழுதுவது அந்த அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு 71 வயது. காது கேட்பது அநேகமாக நின்று பத்து வருடம் ஆகிறது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். எல்லாருடைய உதடும் பிடிபடாது, எங்கள் இருவருடையது மட்டும் நன்றாகப் பிடிபடும். சந்திப்பு அறையில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்வது நான். அம்மா அதைத் தொடுவதே இல்லை. உட்கார்ந்ததும் கைக்குட்டையை எடுத்து, நடுவில் இருக்கும் தடுப்புக் கண்ணாடியைத் துடைப்பார். அழுக்கெல்லாம் அந்தப் பக்கம். அது அவருக்கும் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் துடைப்பார். தம்பி அந்தப் பக்கத்திலிருந்து சட்டைக் கையால் தேய்ப்பான். முகம் தெரிகிற அளவுக்கு ஓர் இடம் கிடைத்ததும் இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பார்கள், சத்தமே இல்லாமல். இருபது நிமிடம், மாதம் இரண்டு முறை. மணி அடித்ததும் மற்றவர்கள் எழுந்து திரும்பிப் போய்விடுவார்கள். இவன் முகத்தைக் காட்டியபடியே பின்பக்கமாக நடந்து கதவு வரை போவான். திரும்பிவிட்டால் அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிடும் அல்லவா? ஒருமுறை அப்படிப் போய்க் காவலர் மேலேயே இடித்துக்கொண்டான். அந்தக் காவலர் சிரித்தார், திட்டவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் சந்திப்பு நாளன்று, இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்து காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றோம். டோக்கன் கொடுத்தார்கள், அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பையைக் கொட்டிச் சோதித்தார்கள். பதினொன்றே காலுக்குக் கவுன்டரில் இருந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இவருக்கு மனு இல்லை, மூன்று மாதம் கழித்து வாங்க" என்றார். அதற்கு முன் எங்களுக்கு ஒரு கடிதமோ ஒரு குறுஞ்செய்தியோ வரவில்லை. அவர் நோட்டைப் பார்த்துக் குனிந்தபடியே சொன்னதால் அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. 'மூன்று மாதம்' என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

இந்தத் தடையை எதிர்த்து நாங்கள் செய்த மேல்முறையீட்டுக்கு உங்கள் அலுவலகம் பதில் அனுப்பியிருக்கிறது. வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேச அனுமதி இருப்பதால் குடும்பத் தொடர்பு துண்டிக்கப்பட்டதாகக் கருத முடியாதாம். அம்மாவுக்குக் காது கேட்காது என்று மருத்துவச் சான்றிதழை இணைத்து அனுப்பிய விண்ணப்பத்துக்கு இந்தப் பதில். எழுதியவருக்கு அன்று வேலை அதிகமாக இருந்திருக்கும், பாவம்.

எங்கள் கோரிக்கை இதுதான். அம்மாவை அவனைப் பார்க்க விடுங்கள். அப்புறம், ஒழுங்கு நடவடிக்கைகளின் பட்டியலிலிருந்து குடும்பச் சந்திப்பை ரத்து செய்வது என்ற ஒன்றை அடியோடு எடுத்துவிடுங்கள்.

இது நானாகக் கண்டுபிடித்த உரிமை இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் நெல்சன் மண்டேலா விதிகளில் 43-வது விதி இதைத்தான் சொல்கிறது. தண்டனை என்ற பெயரில் குடும்பத் தொடர்பைத் தடை செய்யக் கூடாது. பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் கண்டிப்பாகத் தேவை என்றால், தொடர்பு கொள்ளும் வழியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். உங்கள் ஆட்கள் இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். வழியைத்தானே குறைத்தோம், போன் இருக்கிறதே என்பார்கள். காது கேளாதவருக்குப் போனை மட்டும் விட்டுவைத்தால் அது குறைத்ததா, மூடியதா?

பாதுகாப்பையும் பேசிவிடலாம். அந்தக் கண்ணாடி வழியாக ஒரு குண்டூசிகூட உள்ளே போகாது. தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே கிடைக்கிறதென்றால் அது வேறு வாசல் வழியாகப் போகிறது. அந்த வாசலில் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விதிகளுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறைக்குப் போன புதிதில் மண்டேலாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, ஒரு கடிதம், அவ்வளவுதான் அனுமதி. 1968-ல் அவருடைய தாய் இறந்தார். அடுத்த வருடம் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தார். இரண்டு இறுதிச் சடங்குகளுக்கும் அவரை விடவில்லை. நடுவில் தடுப்பு இல்லாமல் மனைவியைத் தொட்டுப் பேச 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்க்க விடாமல் வைப்பது ஒரு மனுஷனை என்ன செய்யும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

அதே விதிகளில் மூன்றாவது இன்னும் அடிப்படையானது. ஒருவரை அடைத்து வைப்பதே துன்பம்தான், நியாயமான காரணத்துக்காகப் பிரித்து வைப்பதும் ஒழுங்கைக் காப்பதும் தவிர, அந்தத் துன்பத்தைச் சிறை நிர்வாகம் மேலும் கூட்டக் கூடாது என்கிறது. ஒழுங்கைக் காக்க எத்தனையோ செய்யலாம். அவனை வேறு பிளாக்குக்கு மாற்றினீர்கள், கேட்டோமா? விளையாட்டு நேரத்தை நிறுத்தினீர்கள், அதையும் கேட்கவில்லை. அவை அவனுக்கான தண்டனை. சந்திப்பை நிறுத்தியபோது தண்டனை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அம்மா எந்தக் காவலரையும் எதிர்த்துப் பேசவில்லை. அடிபட்டவருக்கும் இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. மூன்று மாதம் அம்மா வராவிட்டால் அவர் கை ஒரு விரற்கடைகூட மேலே எழும்பாது.

தண்டனை எதற்கு என்ற பெரிய கேள்விக்கு நான் போகவில்லை. திரும்பி வருபவன் மறுபடி யாரையும் அடிக்கக் கூடாது, அதுவே எனக்குப் போதும். அதற்குக்கூட இந்த 'மனு கட்' உதவாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. பார்க்க ஆள் வந்தவர்கள் மீண்டும் பெரிய குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு, யாரும் வராதவர்களைவிட 13 சதவீதம் குறைவு. ஆய்வைச் செய்தது மனித உரிமைக்காரர்கள் இல்லை, அந்த மாநிலத்தின் சிறைத்துறை.

உங்கள் வாசலிலும் மாற்றம் இல்லாமல் இல்லை. கைதி என்று சொல்லக் கூடாது, சிறைவாசி என்றுதான் சொல்ல வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறீர்கள். சரி, நல்லது. மதில் சுவரில் அப்பா, அம்மா, குழந்தை, பின்னால் ஒரு சூரியன் என்று சிரிக்கிற குடும்பம் ஒன்றை வரைந்திருக்கிறீர்கள். அதன் கீழே நிஜக் குடும்பங்கள் வெயிலில் நிற்கின்றன. கழிப்பறை பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. சிறை ஆண்டு விழாவில் கட்டுரைப் போட்டி வேறு. தம்பி போன வருடம் 'தாய்' என்ற தலைப்பில் எழுதி இரண்டாம் பரிசு வாங்கினான். சான்றிதழ் வீட்டில் இருக்கிறது, உங்கள் துறையின் முத்திரையோடு. விண்ணப்பத்தோடு அதன் நகலையும் இணைத்திருக்க வேண்டும், தோன்றாமல் போய்விட்டது.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போகிறேன்.

தடை முடிய இன்னும் 52 நாள் இருக்கிறது. அதற்குள் மூன்று சந்திப்பு நாட்கள் வருகின்றன. உத்தரவை மறுபரிசீலனை செய்து, அதில் அடுத்ததற்காவது அம்மாவை அவனைப் பார்க்க விடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இனி யாருக்காவது சந்திப்பு இல்லை என்று முடிவானால், அவர்கள் பேருந்து ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைத் தயவுசெய்து கடிதமாகவே அனுப்புங்கள். என் பெயருக்கு வேண்டாம், அம்மா பெயருக்கு அனுப்புங்கள். அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு சிறைவாசியின் அக்கா