வெளிச்சத்தில் பட்டுத் திரும்பும் அணு: நண்பருக்குக் கடிதம்

காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மாங்காய்க் காலம் முடியப்போகிறது. செந்தூரா ஓரளவு கைகொடுத்தது. பெங்களூராவுக்குக் கூழ் ஆலையில் சொன்ன விலை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகப் போயிற்று. அதைப் பேசினால் வயிற்றெரிச்சல்தான், விடு.

லேசர் ஒளிச் சுவரில் பட்டுத் திரும்பும் அணுவின் பக்கவாட்டு நகர்வு என்று உன் பேத்தியின் எம்.எஸ்சி. புராஜெக்ட் தலைப்பைச் சொல்லி, "வெறும் வெளிச்சத்தில் பட்டு அணு திரும்புமா?" என்று கேட்டிருந்தாய். திரும்பும். ரூபிடியம் அணு 780 நானோமீட்டர் ஒளியை உட்கொள்ளும். லேசரின் அலைநீளத்தை அதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால், வெளிச்சம் மிகுந்த இடத்திலிருந்து அணு வெளியே தள்ளப்படும்; கூட்டி வைத்தால் உள்ளே இழுக்கப்படும். முதல் வகைதான் சுவர். ஆனால் அணு மெதுவாக வர வேண்டும். அறை வெப்பநிலையில் வினாடிக்குச் சில நூறு மீட்டர் ஓடுகிற அணு இதற்கெல்லாம் எளிதில் மசியாது. குளிர்வித்து வினாடிக்கு 1 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், ஓடும் பொருளும் அலைபோல நடக்கும் என்று டி பிராய் 1924-இல் சொன்ன கணக்குப்படி அதன் அலைநீளம் ஏறத்தாழ 460 நானோமீட்டர். நீல ஒளியின் அலைநீளம் அது!

இனி பக்கவாட்டு நகர்வு. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் ஓரக் கட்டையில் எங்கே படுகிறதோ அங்கிருந்தே திரும்பும் (நீ அடித்தால் எங்கே போகும் என்பது வேறு விஷயம்). அலையோ அப்படியல்ல: சற்று உள்ளே போய், சுவரோரமாக நகர்ந்து, தள்ளி வெளிவரும். ஒளியில் இதைக் கூஸ், ஹென்ஷன் என்ற இருவர் ஜெர்மனியில் 1947-இல் அளந்து காட்டினார்கள். நாம் பி.எஸ்சி.யில் படித்த அதே முழு அக எதிரொளிப்புதான் (கண்ணாடிக்குள் சாய்வாக வரும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புவது). ஒரு தடவைக்கு நகர்வு அலைநீளம் அளவுக்குத்தான் என்பதால், கண்ணாடித் தகட்டுக்குள் பல தடவை எதிரொளிக்கவிட்டுச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். அடுத்த ஆண்டே ஆர்ட்மன் என்ற இயற்பியலாளர் காரணம் சொன்னார்: எந்தக் கற்றையும் சற்றே வேறுபட்ட கோணங்களில் வரும் அலைகளின் தொகுப்பு. எதிரொளிக்கும்போது ஒவ்வொன்றின் கட்டமும் (அலை ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) வெவ்வேறு அளவில் மாறுவதால், அவை மறுபடி ஒன்றுசேரும் இடம் தள்ளிப்போகிறது. அணுவின் அலைக்கும் இதே கணக்குதான்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், நகர்வைச் சுவரோரமாக அணு போகும் வேகத்தால் வகுத்தால், எதிரொளிப்பில் அதற்கு ஏற்பட்ட தாமதம் கிடைத்துவிடும். அந்தத் தாமதத்தை நாமே கூட்டிக் குறைக்கவும் முடியும். கண்ணாடியை மாற்ற முடியாது, லேசரின் திறனைக் குமிழைத் திருகி மாற்றலாம் அல்லவா? சுவரை நோக்கி வரும் ஆற்றலைவிடச் சுவரின் உயரம் (அதைத் தாண்ட அணுவுக்கு வேண்டிய ஆற்றல்) மயிரிழை மட்டும் கூடுதலாக இருந்தால், அணு உள்ளே வெகுநேரம் தயங்கும்; நகர்வும் வளரும். கொஞ்சம் மறுபக்கம் கசிந்தும் போகும்.

சிக்கல் ஒன்று உண்டு. லேசருக்குக் கூரான விளிம்பு கிடையாது, மங்கலாகத்தான் தொடங்குகிறது. அப்படியானால் எந்தக் கோட்டிலிருந்து நகர்வை அளப்பது? பேத்தி முதலில் இதை முடிவுசெய்யட்டும். என்னைக் கேட்டால், இரண்டு வெவ்வேறு திறன்களில் அணு வெளிவரும் இடங்களின் வித்தியாசத்தை எடுப்பதே நேர்மை. அப்புறம் புவியீர்ப்பு: ஒரே மில்லி வினாடியில் கீழ்நோக்கிக் கிட்டத்தட்ட வினாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகம் ஏறிவிடும். அணுவின் வேகமே அவ்வளவுதானே! அதை விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
ராஜேந்திரன்