வால்காட் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள முரளி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களும் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. அம்மா நலம். வீட்டு வேலை முடிந்தது, கடன்தான் பாக்கி. நம் மேன்ஷன் மொட்டைக்கு இரண்டாவதும் பெண். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆர்சனல் கால்பந்து அணியில் வால்காட்தான் ரொம்ப வேகம் என்று நீ அடித்துச் சொன்னாயே, அது சரிதான். எப்படி என்று சொல்கிறேன்.

பெரியவனுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. நூறு மீட்டரில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வான அதே வாரம். மாலையில் பையன்களோடு பந்து விளையாடியிருக்கிறான். வேகமாக வந்து திரும்பும்போது பாதம் மண்ணில் ஊன்றியபடியே நின்றுவிட, முட்டி மட்டும் சுழன்றிருக்கிறது. முதலில் பார்த்த டாக்டர் வெறும் சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினார். மூன்று வாரம் அந்தக் கட்டோடு நொண்டினான். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஸ்கேன் எடுத்த பிறகுதான் கிழிந்தது ஏ.சி.எல்., முட்டியின் குறுக்கு ஜவ்வு, என்று தெரிந்தது. ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் ஆகிறது. ஓடுவதற்கு ஒன்பது மாதமாவது ஆகுமாம்.

கட்டிலிலேயே கிடக்கும் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய ஆர்சனல் ஆட்டங்களைப் போட்டுக் காட்டத் தொடங்கினேன். “உங்க டீம்லயே யாருப்பா ரொம்ப ஸ்பீடு?” என்று கேட்டான். திருவல்லிக்கேணி மேன்ஷன் டி.வி. அறையில், மேனேஜர் எழுந்துவிடாமல் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, இதே கேள்விக்காக நாம் மூன்று பேரும் ராத்திரி ஒரு மணிக்கு அடித்துக்கொண்ட சண்டை உனக்கு நினைவிருக்கும். மொட்டைக்கு ஓவர்மார்ஸ், எனக்கு ஹென்றி, உனக்கு வால்காட்.

மொட்டையின் ஆளிலிருந்துதான் ஆரம்பித்தேன். 1998 மார்ச், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். நம் அனெல்கா தலையால் தட்டிவிட்ட பந்தை விரட்டிப் போய், அவர்கள் கோல்கீப்பர் ஷ்மைக்கேலின் கால்களுக்கு நடுவே உருட்டிவிட்டான் ஓவர்மார்ஸ். அந்த ஒரே கோலில் ஆட்டம் முடிந்தது. முதல் பத்து அடிக்குள் அவனைப் பிடிக்காவிட்டால் அப்புறம் பிடிக்கவே முடியாது. மொட்டை சொன்னதில் தப்பே இல்லை.

அப்புறம் என் ஹென்றி. 2002 நவம்பரில் டோட்டன்ஹாமுக்கு எதிராகச் சொந்தப் பாதியில் பந்தை வாங்கி, கடைசிவரை தானே கொண்டுபோய் அடித்த கோல். அடித்துவிட்டு மைதானத்தின் மறுகோடி வரைக்கும் ஓடிப்போய் எதிரணி ரசிகர்கள் முன்னால் முழங்காலில் சறுக்கினானே, அதைத்தான் பின்னால் ஸ்டேடிய வாசலில் சிலையாக வைத்தார்கள். 2006 பிப்ரவரியில் ரியல் மாட்ரிட்டின் பெர்னபா மைதானத்தில் நான்கு பேரைத் தாண்டியது இன்னொன்று. அவன் ஓடும்போது அவசரமே தெரியாது. கால் நீளமாக விழும், பக்கத்தில் ஓடுகிறவன் தானாகப் பின்தங்குவான். 228 கோல் அடித்தவனை வெறும் வேகக்காரன் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. 2025 ஏப்ரலில் அதே பெர்னபாவில், கடைசி நிமிடத்தில் நம் மார்ட்டினெல்லி தனியாகப் பாய்ந்து போனபோது எனக்கு ஹென்றிதான் கண்ணில் வந்தான். நீயும் முழித்திருந்து பார்த்திருப்பாய் என்று தெரியும். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

கடைசியில் உன் வால்காட். 2008 ஏப்ரல், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். ஆறேழு நிமிடந்தான் பாக்கி. பத்தொன்பது வயதுப் பையன் நம் பாக்ஸ் பக்கத்தில் பந்தை எடுத்து, சிவப்புச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கடந்து, அந்தக் கோடி வரை போய் நம் அடெபயோருக்குத் தள்ளினான், அவன் கோலாக்கினான். 2-2. நீ நாற்காலியைக் கவிழ்த்தாய், மேனேஜர் எழுந்து வந்தார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் லிவர்பூலுக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். 4-2 என்று தோற்றோம்.

இதைப் பையன் நான்கு முறை ஓட்டச் சொன்னான். “இவன்தான்பா” என்றான். வாக்கெடுப்பில் நீ ஜெயித்துவிட்டாய், சந்தோஷப்படு.

“ஓடத் தெரியும், ஆடத் தெரியாது” என்று அவனைப் பத்து வருடம் நான் திட்டினேன் இல்லையா? அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், முரளி. பதினாறு வயதில் வந்தவன். ஹென்றி போன பிறகு அந்தப் பதினாலாம் நம்பரை முதுகில் போட்டுக்கொண்டு, ஹென்றி மாதிரியே ஆட வேண்டும் என்று நாம் எதிர்பார்த்ததையும் சேர்த்துச் சுமந்தவன். அப்படியும் 108 கோல் அடித்தான். 2011இல் செல்சீக்கு எதிரான ஆட்டத்தில் கீழே விழுந்து, எழுந்து, மறுபடி ஓடி அடித்தானே, அன்றைக்கும் நான் உன்னிடம் ஏதோ குறைதான் சொன்னேன்.

2014 ஜனவரியில் டோட்டன்ஹாம் ஆட்டத்தில் ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவர்கள் ரசிகர்களைப் பார்த்து 2-0 என்று விரலால் காட்டினானே, அதற்கு நாம் எவ்வளவு சிரித்தோம்! கிழிந்திருந்தது இதே ஜவ்வு. அந்த வருடத்து உலகக் கோப்பையே அவனுக்குப் போய்விட்டது. அப்போது எனக்கு அது ஒரு வரிச் செய்தி. இப்போது வீட்டில் ஒருவன் காலை ஒரு சாண் உயரம் தூக்கிப் பத்து எண்ணுவதற்குள் வியர்த்துக் கொட்டுவதைப் பார்க்கிறேன். வால்காட்டின் நாற்பது மீட்டர் ஓட்டச் சாதனையை உடைத்த நம் பெல்லரினுக்கும் 2019 ஜனவரியில் அதே இடது முட்டி, அதே ஜவ்வு. அதுவும் செல்சீயோடு ஆடும்போது. நம் அணியின் இரண்டு அதிவேகக் கால்களும் ஒரே இடத்தில்தான் அறுந்திருக்கின்றன.

ஒரு வருடம் கழித்து, 2020 ஜனவரியில், செல்சீயின் மைதானத்திலேயே பத்துப் பேரோடு ஆடினோமே, அந்த ஆட்டத்தைப் போட்டேன். செல்சீயின் காண்டே சறுக்கி விழ, மார்ட்டினெல்லி பாதி மைதானத்துக்கு மேல் ஒற்றை ஆளாக ஓடி அடித்தது நம் முதல் கோல். இரண்டாவதைப் பெல்லரின் இடது காலால் அடித்தான். அடிபட்டது அந்தக் கால்தான் என்று நான் சொல்லவில்லை. பையனே கண்டுபிடித்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆனா அப்புறம் அவனுக்குப் பழைய ஸ்பீடு வந்துச்சாப்பா?” என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. வால்காட் திரும்பி வந்து 2015 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் முதல் கோல் அடித்ததைச் சொன்னேன். அவன் கேட்டது கோலைப் பற்றி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ராத்திரி தூக்கமே வரவில்லை. அவனுக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது. ஓட்டத்தைத் தவிர வேறெதையும் பற்றி அவன் எங்களிடம் ஆசையாகப் பேசியதே கிடையாது. உனக்கு எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? ஆன்ஃபீல்டு ஓட்டத்தை வால்காட் கட்சிக்காரரோடு சேர்ந்து பார்க்க வேண்டுமாம். அந்தக் கேள்வியை உன்னிடமும் கேட்பான். யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
ரவி